தியாகராஜாவுக்குக் கீழே

அம்பலவாணர் என்ற பெயருக்கு முன்னால் ஒரு சிறு கட்டமும் அதனுள் ஒரு கூட்டல் குறியும் இருந்தன. புஷ்பராணி அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் அழுத்தியதும் கூட்டல் கழித்தலாயிற்று. அம்பலவாணரின் பிள்ளைகள் சற்று வலப்புறம் தள்ளி, ஒருவர் கீழ் ஒருவராக இறங்கி நின்றார்கள். மறுபடி அழுத்தினாள். எல்லாரும் தகப்பனுக்குள் போய் மறைந்தார்கள்.

"இன்னொரு தடவை செய், பிள்ளை," என்றார் தியாகராஜா.

செய்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். தியாகராஜா அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பெயரைத் தட்டினால் ஒரு தலைமுறை வெளியே வருவதும், மறுபடி தட்டினால் உள்ளே போவதும், கோப்புகளைக் கயிற்றால் கட்டிக் காலம் கழித்தவருக்குச் சலிக்காத விளையாட்டாக இருந்தது. பினாங்கில், ஆயர் ஈத்தாம் வீட்டின் முன்னறையில், மாமா ஒரு நாற்காலியிலும் தங்கை மகள் ஒரு நாற்காலியிலுமாக அந்த ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைகள் பலவும் இப்படித்தான் கழிந்தன.

அம்பலவாணர் அந்தக் குடும்பத்தின் மூதாதை, யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவின் தைப்பிங்குக்கு ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். அவருடைய வழியினர் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மெல்பேர்னிலும் லண்டனிலுமாகச் சிதறிக் கிடந்தார்கள். 1999 டிசம்பர் பள்ளி விடுமுறையில் அவர்களை ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டபத்தில் ஒன்றுகூட்டுவது என்று தியாகராஜா தீர்மானித்திருந்தார். அதற்கு முன்பே வம்சம் முழுவதும் இணையத்தில் ஏறிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. புஷ்பராணி பாயான் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் வேலை பார்த்தாள். உதிரிப் பாகங்களுக்காக இதேபோன்ற பக்கம் ஒன்றை அங்கே ஏற்கெனவே எழுதியிருந்தாள். எந்தத் திருகு எந்தப் பலகையைச் சேர்ந்தது, எந்தப் பலகை எந்தப் பெட்டிக்குள் போகிறது என்று கிளை கிளையாக விரித்துக் காட்டும் பக்கம் அது.

அதன் உள்வேலை எளியது. கோப்பில் ஆளுக்கு ஒரு வரி. வரியில் அவருக்கென்று ஓர் எண், அவர் பெயர், அவர் யாருக்குக் கீழே வருகிறாரோ அவருடைய எண். மேலே இருக்கிறவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். திருகுக்கு அது போதும். மனிதருக்கோ தாய் ஒருத்தி, தகப்பன் ஒருவர் என்று இரண்டு பேர். இருவருக்கும் கீழே ஒரே பிள்ளையைக் காட்டினால் கிளைகள் பின்னிக்கொள்ளும்.

தியாகராஜா இதற்கு ஒரு விதி செய்தார். வம்சம் தகப்பன் வழியில் இறங்கும். மனைவிக்குத் தனி எண் வேண்டாம். கணவனுடைய வரியிலேயே ஒரு கோடு போட்டு அவள் பெயரை எழுதினால் போதும். மகள் தன் கணவன் பெயரோடு நிற்பாள், அவளுக்கு முன்னால் கூட்டல் குறி வராது. அவள் பிள்ளைகள் வேறொரு குடும்பத்தின் மரத்துக்கு உரியவர்கள்.

அந்த விதிப்படி, மரத்தை எழுதிய புஷ்பராணிக்கு மரத்தில் இடமில்லை. அவள் தாய் சற்குணம் தியாகராஜாவின் தங்கை. சற்குணமும் கணவர் அப்புத்துரையும் ஒரு சாலை விபத்தில் ஒன்றாக இறந்தபோது புஷ்பராணிக்கு ஆறு வயது. அன்று முதல் மாமா வீடுதான் வீடு. 'சற்குணம் – அப்புத்துரை' என்று தட்டச்சு செய்துவிட்டு அவள் அடுத்த வரிக்குப் போனாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. விதி எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

வருத்தம் வேறிடத்தில் இருந்தது. மாமாவின் ஒரே மகன் குலசேகரத்துக்குத்தான் அவள் என்பது அந்த வீட்டில் யாரும் முடிவு செய்யாமலேயே முடிவாகியிருந்த விஷயம். தாய்மாமன் மகன், உரிமையுள்ள முறை, கண்முன்னே வளர்ந்த பெண். வேறென்ன பார்க்க வேண்டும்? சின்ன வயதில் அவள் அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். பத்து வயதில் ஒருநாள் நவமணி மாமி அவளை அடுக்களைக்குள் இழுத்து, இனிமேல் அந்தச் சொல் கூடாது என்று சொல்லிவிட்டாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதை மாமி சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தேவைப்பட்டால் எதிரே போய் நிற்பாள், அல்லது தொண்டையைச் செருமுவாள். இப்போது அவன் கோலாலம்பூரில் ஒரு வங்கியில் இருந்தான். மாதம் ஒருமுறை வந்தான். நல்லவன். காலையில் குளியலறைக் கதவை யார் முதலில் தட்டுவது என்று அவனோடு பல ஆண்டுகள் சண்டை போட்டிருக்கிறாள். அவன் மனைவியாகத் தன்னை நினைத்துப் பார்க்க முயலும்போதெல்லாம் அந்தக் குளியலறைக் கதவுதான் அவள் நினைவில் வந்து நின்றது.

தீபாவளிக்கு முந்தின வாரம் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டே மாமி சொன்னாள்:

"டிசம்பர்ல எல்லாரும் வந்திருப்பாங்கல்ல. அன்னிக்கே மேடையில சொல்லிடலாம்னு மாமா இருக்கார். தை மாசம் வச்சுக்கலாம். நீ லீவு சொல்லி வச்சுடு."

"ம்," என்றாள் புஷ்பராணி.

மறுப்பதற்குச் சொல் இல்லாமல் இல்லை. மறுப்பதற்கு உரிமை உண்டா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுச் சோறும் பள்ளிக்கூடமும் கல்லூரியும் அந்த ஒரு 'ம்'முக்குப் பின்னால் நின்றன. மாமா ஒருநாளும் அவற்றைச் சொல்லிக் காட்டியவரில்லை, அதனாலேயே அவற்றின் கனம் கூடிப்போயிருந்தது. டிசம்பருக்குள் அவள் வாயைத் திறந்தாக வேண்டும். திறக்க மாட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

தீபாவளிக்குத் தைப்பிங்கிலிருந்து செல்வநாயகி பெரியம்மா வந்தாள். தியாகராஜாவுக்கு அக்கா. தம்பியைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தவள், தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"இங்க நானும் அத்தானும் இருக்கோம். பிள்ளைங்க எங்க?"

"மகள் வழி வராதுக்கா. அது விதி. உன் பிள்ளைங்க அத்தானோட குடும்பத்து மரத்துல வருவாங்க."

"அத்தான் குடும்பத்துல எவன் கம்ப்யூட்டர் தட்டறான்? அவங்க வீட்டு ஃபோனையே தலைகீழாத்தான் பிடிக்கிறாங்க. என் மூத்தவன் லண்டன்ல டாக்டர்லா. அவன் இல்லாம இது என்ன மரம்?"

"உன் பிள்ளைங்களைச் சேத்தா எல்லாப் பொம்பளைங்க பிள்ளைங்களையும் சேக்கணும். பாதி மலேசியா உள்ள வந்துடும்."

பெரியம்மா ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப சற்குணத்தோட பிள்ளையும் இல்ல. ஞாயித்துக்கிழமை பூரா உனக்கு உக்காந்து எழுதிக் குடுக்குது, அதுக்கே இதுல இடமில்ல. நல்லா இருக்கு தம்பி உன் சட்டம்."

தியாகராஜா புஷ்பராணியைத் திரும்பிப் பார்த்தார். அது அவருக்கு அதுவரை உறைக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அக்காவிடம் தோற்பது அவருக்குப் பழக்கமில்லை. தோற்றதை ஒப்புக்கொள்வது அதைவிடப் பழக்கமில்லை.

"யாரு சொன்னா இடமில்லன்னு? அவ சற்குணத்தோட பிள்ளையா வளரல. என் பிள்ளையா வளந்தா. என் கீழ போடு, பிள்ளை. இப்பவே போடு."

"உங்க கீழயா, மாமா?"

"வேற யாரு கீழ?"

விசைப்பலகையில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. பின்கட்டில் மாமி யாரோடோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். புஷ்பராணி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும் என்ற நேர்மையோடு, இன்னொரு தடவை சொன்னாள்:

"அப்படிப் போட்டா உங்களுக்கு ரெண்டு பிள்ளைன்னு வரும், மாமா."

"வரட்டுமே. நல்லதுதானே."

புது வரி ஒன்றில் தனக்கு ஓர் எண் கொடுத்து, பெயரை எழுதி, மேலே இருப்பவருக்கான இடத்தில் மாமாவின் எண்ணைத் தட்டினாள். அந்த எண்ணைக் குலசேகரத்தின் வரியிலும் அவள்தான் தட்டியிருந்தாள். பக்கத்தைப் புதுப்பித்தபோது திரையில் எந்த மாற்றமும் இல்லை. தியாகராஜாவின் கிளை மூடியிருந்தது. கூட்டல் குறி மட்டும் தெரிந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். கிளையைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பெயர்களும் ஒரே தகப்பனுக்குக் கீழே நிற்பது அங்கேயே தெரிந்திருக்கும். தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டு அழிக்கச் சொல்லியிருப்பார். புஷ்பராணி அழுத்துவதற்குத் தயாராக இருந்தாள். அவர் கேட்கவில்லை, அவளும் அழுத்தவில்லை. அன்று மாலை பக்கத்தை இணையத்தில் ஏற்றினாள்.

சில நாளில் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. மெல்பேர்னிலிருந்து ஒருவர், தியாகராஜா மாமாவுக்கு ஒரு மகளும் உண்டு என்பது இவ்வளவு நாளாகத் தெரியாமல் போயிற்றே என்று எழுதியிருந்தார். புஷ்பராணி பக்கத்தைப் பார்த்ததற்கு நன்றி சொல்லி இரண்டு வரி பதில் எழுதினாள்.

ஒன்றுகூடலன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் மேடையின் வெள்ளைச் சுவரில் மரத்தை வீசியெறிந்தது. மேடைக்குக் கீழே ஒரு மேசையில் மடிக்கணினியோடு புஷ்பராணி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு "அக்கா, எங்க தாத்தாவைத் திறங்க," "அக்கா, எங்க அப்பாவை மூடுங்க" என்று கூச்சல் போட்டார்கள். பெயர் இருந்த பிள்ளைகள் பெயர் இல்லாத பிள்ளைகளைச் சீண்டினார்கள். பெயர் இல்லாதவர்களின் தாய்மார் பின்வரிசைகளில் உட்கார்ந்து சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தியாகராஜா அம்பலவாணர் காலத்திலிருந்து தொடங்கி வெகுநேரம் பேசினார். கடைசியில் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டார்.

"முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நல்ல சேதி. பிள்ளை, என் வீட்டைத் திற."

முன்வரிசையில் மாமி சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். அவளுக்கு அருகே இருந்த குலசேகரம் தன் காலணியைப் பார்த்தான். புஷ்பராணி அழுத்தினாள்.

'தியாகராஜா – நவமணி' என்ற வரியின் கீழ், சற்று வலப்புறம் தள்ளி, 'குலசேகரம்' என்று வந்தது. அதன் நேர்கீழே, அதே அளவு தள்ளி, 'புஷ்பராணி' என்று வந்தது. சுவரில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண் உயரம் இருந்தது. தியாகராஜா சுவருக்கு முதுகு காட்டி நின்றார்.

"என் மகன் குலசேகரத்துக்கும், என் தங்கச்சி மகள் புஷ்பராணிக்கும் வர்ற தை மாசம் கல்யாணம் பண்றதா இருக்கோம்."

கைதட்டல் வரவில்லை. முன்வரிசையில் யாரோ தட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். தியாகராஜா ஒலிபெருக்கி வேலை செய்யவில்லையோ என்று அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"தம்பி," என்றாள் செல்வநாயகி பெரியம்மா, இருந்த இடத்திலிருந்தே. "கொஞ்சம் திரும்பிப் பாரு."

அவர் திரும்பிப் பார்த்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது சும்மா ஒரு இதுக்குப் போட்டது."

"சும்மாவா? என் பிள்ளைங்க வர முடியாதுன்னு சொன்னப்ப சும்மாவா சொன்ன? சட்டம்னு சொன்ன. என் வாயை அடைக்க இவளை உன் பிள்ளைன்னு சொன்ன. தன் பேர் இல்லாத மரத்தை என் மகன் லண்டன்ல பிரிண்ட் எடுத்துச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கான். அதுல இவ உன் மகள். ஊரெல்லாம் அண்ணன் தங்கச்சின்னு படிச்சாச்சு. இப்ப வந்து கல்யாணம்ங்கற."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. "டிலீட் பண்ணிடு லா," என்றது ஓர் ஆண் குரல்.

"அங்கேருந்து எடுத்துடு, பிள்ளை," என்றார் தியாகராஜா.

"எடுத்து எங்க போடறது, மாமா?"

"சற்குணத்துக்குக் கீழ."

"அப்ப என் பிள்ளைங்க எனக்குக் கீழ," என்றாள் பெரியம்மா. பின்வரிசைகளில் அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த வாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன. என் பிள்ளைகளும்தான், என் தங்கச்சி பிள்ளைகளும்தான், செத்துப்போன எங்கள் அம்மாவின் ஆறு பேரும்தான் என்று பெண்கள் எழுந்து நின்றார்கள். சுங்கை பினாங்கிலிருந்து வந்த ஒருத்தி கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டி, இதன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். தியாகராஜா இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"சரி, சரி. வேண்டாம். குலசேகரம் பக்கத்துல போடு. தை மாசம் எப்படியும் அங்கதானே வரப் போற. கோடு போட்டு எழுதிடு."

இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. புஷ்பராணி கோப்பைத் திறந்தாள். அதுவும் சுவரில் விழுந்தது: எண்களும் பெயர்களுமாக நீண்டு இறங்கும் வரிகள். முதலில் தன் வரியை அழிக்க வேண்டும், பிறகு குலசேகரத்தின் பெயருக்குப் பின்னால் கோடு போட்டுத் தன் பெயரை எழுத வேண்டும். அவள் அவன் பெயரின் முடிவில் அழுத்தினாள். எழுத வேண்டிய இடத்தைக் காட்டும் ஒரு சிறு கோடு அங்கே தோன்றியும் மறைந்தும் துடித்தது. மண்டபம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் விரல் அசையவில்லை. இதுவரை மற்றவர்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மாமா விதி என்றார், எழுதினாள். மாமா என் பிள்ளை என்றார், எழுதினாள். தான் சொல்ல வேண்டியதை ஒரு கூட்டல் குறி தனக்காகச் சொல்லிவிடும் என்று ஒரு மாதம் காத்திருந்தாள். அது சொல்லியும் பயனில்லை என்பது இப்போது தெரிந்தது. எழுதியதை மாற்றச் சொல்வார்கள், மாற்றுவதற்கும் அவள்தான் வேண்டியிருந்தது.

"மாமா, நான் அங்க வரல."

"ஏன், அந்த வரியில இடம் பத்தாதா?"

"இடம் இருக்கு. எனக்கு விருப்பம் இல்ல."

மெல்லத்தான் சொன்னாள். கடைசி வரிசைக்கும் கேட்டது.

தியாகராஜா அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவதற்குத் தேவையான எல்லாம் அவரிடம் இருந்தது: இருபது ஆண்டுகள், ஒரு மண்டபம் நிறைய உறவினர், எதிரே அக்கா. ஆனால் இவள் என் பிள்ளை என்று ஓங்கிச் சொன்னவரும் அவர்தான். வளர்த்த கடனைத் தங்கை மகளிடம் கேட்கலாம். பெற்ற மகளிடம் எந்தத் தகப்பன் கேட்பான்? அப்படி அவர் நினைத்தாரா என்பது புஷ்பராணிக்குத் தெரியாது. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"சரி. சாப்பாடு ஆறிடும். எல்லாரும் கீழ போங்க."

மண்டபத்துக்கு வெளியே, கம்பிச் சுருள்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தவளிடம் குலசேகரம் வந்தான். கணினியை வாங்கிப் பின்னிருக்கையில் வைத்தான்.

"எனக்கும் அதேதான் ராணி. யாரு முதல்ல சொல்றதுன்னுதான்..."

"நீங்க சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொல்றது? அம்மா அழுவாங்க."

"இப்ப அழுவாங்க இல்லையா?"

"இப்ப உன்னாலதானே," என்றான் அவன், கொஞ்சமும் வெட்கமில்லாமல். அவள் அவனை முறைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள்.

மாமி அழவில்லை. பேசவும் இல்லை. தட்டில் சோறு வைத்தாள், இடியப்பம் அடுக்கினாள், புஷ்பராணியின் துணிகளையும் மடித்து வைத்தாள். எல்லாம் முன்போலவே நடந்தன, குரல் மட்டும் இல்லாமல். பொங்கல் கழிந்து ஒருநாள், கை கழுவும்போது, "உங்கம்மா இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருப்பியா?" என்று கேட்டாள். புஷ்பராணி யோசித்துப் பார்த்து, "அம்மாகிட்ட முன்னாடியே சொல்லியிருப்பேன், மாமி," என்றாள். மாமி குழாயை மூடிவிட்டுப் போனாள். மறுநாள் தேங்காய் துருவ வரச்சொல்லிக் கூப்பிட்டாள்.

விதி ஜனவரியிலேயே உடைந்தது. பெண்களின் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லி மாமாவே பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியம்மாவின் பெயருக்கு முன்னால் கூட்டல் குறி வந்தது. அதன்பின் புஷ்பராணி தன் வரிக்கு வந்தாள்.

"இப்ப நான் அம்மா கீழ போயிடலாம், மாமா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தியாகராஜா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இருக்கற இடத்துலயே இரு."

அவள் அந்த எண்ணை மாற்றவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தார். கையில் ஒரு புகைப்படம்.

"ஈப்போவில ஒரு குடும்பம். பையன் இன்ஜினியர். மகள்னு ஆயிட்டா மாப்பிள்ளை பாக்கறது என் கடமை இல்லையா? வர்ற வாரம் வரச் சொல்லட்டுமா?"

புஷ்பராணி படத்தை வாங்கிப் பார்த்தாள். நல்ல முகம். திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப வேண்டாம், மாமா. எனக்குத் தோணறப்ப நானே சொல்றேன்."

இரண்டாவது முறை அவளுக்கு அதைச் சொல்லிவிட அதிக நேரம் ஆகவில்லை. தியாகராஜா படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாமியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி சற்று நேரம் அங்கேயே நின்றார்.